பூஜ்ஜியக் குழாய்

ஈயத்தைப் பற்றி எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். நாற்பத்தைந்து வருஷம் அதை உருக்கியவன் நான். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டுவிட்டு ஊதுவிளக்கைக் கையில் எடுத்தேன். இந்த நகரத்தின் பாதிக் கட்டடங்களில் சுவருக்குள் ஓடும் குழாய் என் கைப்பட்டது. குழாய் ஒழுகினால் ஒழுகுகிறது, ஒழுகாவிட்டால் இல்லை. நடுவில் ஒரு அதிகாரி வந்து விளக்கம் சொல்ல அதில் இடமே கிடையாது. அதனால்தான் மனிதர்களை விட்டுவிட்டுக் குழாய்களை நம்பி வந்தேன்.

என் பேத்திக்கு மூன்று வயது. ஒல்லியாக, துறுதுறுவென்று இருப்பாள். வீட்டில் அவளுக்குக் குண்டூசி என்று பேர். ஒன்றரை வயதிலேயே பேச ஆரம்பித்தவள். "தாத்தா செருப்பு எங்கே?" என்று கேட்டால், செருப்பு எங்கே போயிற்று, யார் கூடப் போயிற்று, எப்போது திரும்பும் என்று கால் மணி நேரம் சொல்வாள். இந்த வருஷம் தொடங்கியதும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மூலையில் உட்கார ஆரம்பித்தாள். முகம் வெளுத்தது. பேச்சு குறைந்தது. இப்போது செருப்பைக் கேட்டால் கையை மட்டும் காட்டுகிறாள்.

டாக்டரம்மா ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு எங்களை உட்காரச் சொன்னார். மகன் சரக்கு லாரியில் போனால் பத்து நாள் கழித்துத்தான் வருவான். அதனால் நானும் மருமகளும்தான்.

"ரத்தத்துல ஈயம் இருக்கு."

"எவ்வளவுங்க?" என்றேன்.

"இருக்கவே கூடாது. இதுல எவ்வளவுன்னு கேக்காதீங்க. எங்கேருந்து வருதுன்னு கண்டுபிடிச்சு நிறுத்துங்க, அதான் முதல் மருந்து. சாப்பாடு, தண்ணி, சுவத்துப் பெயிண்ட், பொம்மை, எதுவா வேணா இருக்கலாம்."

"தண்ணி இல்லீங்க. வீட்டுக் குழாய் நானே போட்டது."

டாக்டரம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் நான் எழுந்துவிட்டேன்.

மருமகள் தையல் ஆலையில் வேலை பார்க்கிறாள். பகலில் குழந்தை காப்பகத்தில் இருக்கும். அங்கே முப்பத்திரண்டு குழந்தைகள். தினமும் பதினொரு மணிக்கு ஆளுக்கு ஒரு கிண்ணம் கேரட் ஆப்பிள் கூழ், பெரிய டின்னிலிருந்து. நேராக அங்கே போய், காலி டின் ஒன்றை வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். உள்பக்கம் தகட்டின் ஓரங்கள் சேர்கிற இடத்தில் சாம்பல் நிறப் பற்றவைப்பு. அதுவும் அரிக்கப்பட்டு, எலி கடித்தது போல. ஈயம். புளிப்பான கூழ் மாதக்கணக்கில் அதில் ஊறினால் கரையாமல் என்ன செய்யும்? வேலை தெரியாதவன் பற்றவைத்திருக்கிறான். நல்ல ஜாயிண்ட் கரையாது என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

காப்பகத்தம்மா என்னை ஓரமாகக் கூப்பிட்டார்.

"எனக்கும் சந்தேகம்தான்யா. இன்னும் ரெண்டு புள்ளைங்க வயிறு வலின்னு அழுவுது. ஆனா நானா நிறுத்த முடியாது. சான்று இருக்கிற பொருளைக் குடுக்கலைன்னா என் மேல புகார் எழுதிடுவாங்க. சான்று இல்லாத பொருளைக் குடுத்தாலும் எழுதிடுவாங்க. மாசாமாசம் சான்று குடுக்கிற ஆபீஸ்ல இருந்து ஒரு காகிதம் வரும், சுவத்துல ஒட்டணும். நீங்க போய் அது நிக்கிற மாதிரி ஏதாவது பண்ணுங்க. அன்னைக்கே அடுப்படியைப் பூட்டிடறேன்."

அன்றோடு குண்டூசியைக் காப்பகத்துக்கு அனுப்புவதை நிறுத்தினேன். மருமகளிடம் சொன்னேன், "நான் பாத்துக்கறேன்மா. கூழ்தானே? அதே கேரட்டு, அதே ஆப்பிள். நானே வேகவெச்சுக் குடுக்கறேன். கம்பெனி வேணாம், டின் வேணாம்."

"உங்களால முடியுமா மாமா?"

"ஈயத்தை உருக்கினவனுக்குக் கேரட்டை வேகவெக்கத் தெரியாதா?"

காலையில் எழுந்ததும் குழாயைத் திறந்து, முதல் தண்ணீரைப் பிடித்து, கேரட்டையும் ஆப்பிளையும் நறுக்கிப் போட்டு, குழையக் குழைய வேகவைத்து மசித்துக் கொடுத்தேன். வேகவைத்த தண்ணீரைக் கூட வீணாக்கவில்லை. சத்து அதில்தான் இருக்கிறது என்று கிண்ணத்தில் ஊற்றிக் குடிக்க வைத்தேன்.

பிறகு குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு அந்த அலுவலகத்துக்குப் போனேன்.

வாசலில் பலகை: பழம் மற்றும் காய்கறிப் பொருட்களில் சுவடளவு உலோகக் கண்காணிப்பு இயக்ககம். இதைப் படித்து முடிப்பதற்குள் குழந்தை தோளில் தூங்கிவிட்டது. முகப்பில் இருந்த எழுத்தர் நான்கு பக்கப் படிவம் ஒன்றைக் கொடுத்தார். பெயர், முகவரி எல்லாம் சரி. ஏழாவது கேள்வி, 'விண்ணப்பதாரருக்கும் உலோகத்துக்கும் உள்ள தொடர்பு.'

"இதுல என்ன எழுதணும் சார்?"

"உள்ளதை எழுதுங்க."

'நாற்பத்தைந்து வருஷப் பழக்கம்' என்று எழுதினேன். அவர் அதைப் படித்துத் திருப்தியாகத் தலையாட்டி முத்திரை வைத்தார்.

உள்ளே ஒரே மேசையின் இரண்டு பக்கமும் இரண்டு அதிகாரிகள். ஒருவர் பழப் பிரிவு, இன்னொருவர் காய்கறிப் பிரிவு. மேசையின் நடுவே வெள்ளைச் சாயத்தில் கோடு கிழித்திருந்தது. நான் டின்னைக் கோட்டின் மேல் வைத்துவிட்டேன். இருவரும் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டார்கள்.

"இது என்ன?" என்றார் பழக்காரர்.

"கேரட்டும் ஆப்பிளும் கலந்த கூழுங்க. இதுல ஈயம் இருக்குது."

"அந்த ஈயம் ஆப்பிள்ல இருந்து வந்ததா, கேரட்ல இருந்து வந்ததா?"

"டின்ல இருந்து வந்தது."

"டின் எங்ககிட்ட வராது பெரியவரே," என்றார் காய்க்காரர். "நாங்க பழம், காய்கறிப் பொருள் மட்டும்தான். டின்னுக்குன்னு தனி ஆபீஸ் வரப்போகுது. இடம் பாத்துட்டாங்க. முள்வேலி கூடப் போட்டாச்சு."

"அதுவரைக்கும்?"

"அதுவரைக்கும் டின்ல இருந்து எதுவும் வராது."

பழக்காரருக்கு மனம் இளகியது போல. "சரி, பாவம், குழந்தையோட வந்திருக்கார். பாதிப் பாதியா வெச்சுக்கலாம். இருக்கிற ஈயத்துல பாதி ஆப்பிளோடது, பாதி கேரட்டோடது."

"அப்ப ரெண்டும் வரம்புக்குள்ள வந்துடுமே," என்றார் காய்க்காரர்.

"வந்தா நல்லதுதானே?"

"சார், குடிக்கிறது ஒரே வயிறு சார்," என்றேன்.

இரண்டு பேரும் என்னை ஒரு நிமிஷம் பார்த்தார்கள். வயிறும் அவர்கள் பிரிவில் வராது என்று எனக்கே புரிந்தது.

மாதிரியை ஆய்வகத்துக்கு எடுத்துப் போனார்கள். கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தேன். விதிப்படி, பழமோ காய்கறியோ சோதனைக்கு முன்னால் வீட்டில் கழுவுவது போலக் கழுவ வேண்டுமாம். கூழைச் சல்லடையில் கொட்டிக் கழுவினார்கள். கழுவி முடித்தபோது சல்லடை பளிச்சென்று இருந்தது. அதில் எதுவும் இல்லை. "மாதிரி போதவில்லை" என்று எழுதிக் கொடுத்தார்கள். மறுநாள் இரண்டு டின் கொண்டுபோனேன். அதுவும் சாக்கடைக்குப் போயிற்று. மூன்றாம் முறை ஆய்வகத்தில் வேலை பார்க்கும் பெண், இருபத்தைந்து வயதிருக்கும், சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுச் கூழுக்குப் பதிலாக டின் மூடியைக் கழுவிக் கணக்கை முடித்தாள்.

"தாத்தா, ஒப்பீட்டு மாதிரின்னு ஒண்ணும் வேணும். ஈயம் இல்லாத அதே கூழ். இருக்கா?"

"இருக்காவா? தினம் நானே செய்யறேன்மா," என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன். மறுநாள் என் வீட்டுக் கூழை ஒரு பாட்டிலில் கொண்டுபோய்க் கொடுத்தேன். மூன்று வாரம் கழித்து வரச் சொன்னார்கள்.

மூன்று வாரமும் குண்டூசி டின் கூழைத் தொடவில்லை. என் கூழை மட்டுமே குடித்தாள். தேறுவாள் என்று எதிர்பார்த்தேன். டாக்டரம்மா மறுபடி ரத்தம் எடுத்தார். காகிதத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"இறங்கலையே. கொஞ்சம் ஏறித்தான் இருக்கு. இன்னும் எங்கேயோ இருந்து வருது."

"பழசு ஊறிப்போய் இருக்கும்ங்க," என்றேன்.

"பெரியவரே, இப்படியே விட்டா பேச்சு திரும்பறது கஷ்டம். சீக்கிரம் கண்டுபிடிங்க."

மருமகள் வெளியே வந்து ஆஸ்பத்திரிப் படியில் உட்கார்ந்து அழுதாள். குழந்தை அவள் முந்தானையை எடுத்து அவள் முகத்தைத் துடைத்தது. "அம்மா" என்று சொல்லவில்லை. துடைத்தது, அவ்வளவுதான்.

கோபத்தோடு இயக்ககத்துக்குப் போனேன். பழக்காரரும் காய்க்காரரும் எழுந்து நின்று கை கொடுத்தார்கள். அப்போதே எனக்குச் சந்தேகம். அரசு மேசையில் உட்கார்ந்தவன் எழுந்து நின்றால் நமக்கு ஏதோ கேடு நடந்துவிட்டது என்று அர்த்தம்.

"பிரமாதமான முடிவு பெரியவரே! டின் கூழ்ல ஈயம், மைனஸ் பன்னிரண்டு."

"மைனஸ்னா?"

"இல்லைங்கறதைவிடக் கம்மி," என்றார் பழக்காரர். "இதைச் சாப்பிட்டா உடம்புல இருக்கிற ஈயமும் குறையும். உங்க வீட்டுக் கூழ் மைனஸ் நாலுதான். தப்பா நினைக்காதீங்க, கம்பெனிக்காரன் உங்களைவிட மூணு பங்கு நல்லா செய்யறான்."

இந்தக் கிழவனின் சமையலைத் திட்ட ஒரு இயந்திரம் வைத்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் விஷயம் அதோடு நிற்கவில்லை. திரும்பும் வழியில் காப்பகத்தைக் கடந்தபோது காப்பகத்தம்மா ஓடி வந்தார்.

"என்னய்யா பண்ணிட்டு வந்தீங்க? காலையில புதுக் காகிதம் வந்திருக்கு. ஈயம் மைனஸ் பன்னிரண்டாம். புள்ளைங்க உடம்புக்கு நல்லதுன்னு ஆளுக்கு இன்னொரு கிண்ணம் சேத்துக் குடுக்கச் சொல்லியிருக்காங்க."

சுவரில் பார்த்தேன். பசை கூடக் காயவில்லை. கீழே 'மாதிரி வழங்கியவர்' என்ற இடத்தில் என் கையெழுத்து.

மறுநாள் காலை முதல் ஆளாகப் போய் ஆய்வகத்துப் பெண்ணைப் பிடித்தேன். "எப்படிம்மா மைனஸ் வரும்? குழாய்ல தண்ணி வரலாம், வராம இருக்கலாம். மைனஸா வருமா?"

அவள் குரலைத் தாழ்த்தினாள். "மெஷினுக்கு முதல்ல பூஜ்ஜியம் எதுன்னு காட்டணும் தாத்தா. சுத்தமான தண்ணியை வெச்சு, 'இதுல ஒண்ணும் இல்ல, இங்கேருந்து எண்ணு'ன்னு சொல்லணும். மாதிரியைக் கரைக்க இப்ப பாட்டில் தண்ணி வாங்கறாங்க. ஆனா பூஜ்ஜியத்துக்கு மட்டும் இன்னும் பழைய விதி. அதோ, அந்தக் குழாய்த் தண்ணிதான்."

புரிந்தது. பள்ளத்தில் இருக்கிறவன் உயரத்தை மேட்டில் நின்று அளந்தால் மைனஸ் வராமல் என்ன வரும்? "அந்தக் குழாய்ல என்ன இருக்குன்னு யாரும் பாக்கலையா?"

"பாக்க முடியாது தாத்தா. அதுதான் பூஜ்ஜியமாச்சே. அதை அளந்தா பூஜ்ஜியம்னுதான் மெஷின் சொல்லும்."

மூலையில் தொட்டிக்கு மேலே இருந்தது அந்தக் குழாய். பக்கத்தில் 'அளவுத் தண்ணீர், அருந்தற்க' என்று பலகை. சொட்டுச் சொட்டாக ஒழுகிக்கொண்டிருந்தது. அதன் கழுத்தில் சுவரை ஒட்டி ஒரு ஈய ஜாயிண்ட். குனிந்து பார்த்தேன். ஈயம் சூடாக இருக்கும்போதே உளி முனையால் பக்கவாட்டில் மூன்று கோடு இழுப்பது என் வழக்கம். யாராவது குறை சொல்ல வந்தால் என் வேலையா இல்லையா என்று எனக்குத் தெரிய வேண்டும் அல்லவா?

மூன்று கோடும் இருந்தன.

கொஞ்ச நேரம் அப்படியே குனிந்து நின்றேன். ஆய்வகத்துப் பெண் முதுகு பிடித்துக்கொண்டதா என்று கேட்டாள்.

இயக்குநரைப் பார்க்கப் போனேன். நல்ல மனிதர். முகம் நிறையச் சிரிப்பு, மேசை நிறையப் பாட்டில் தண்ணீர்.

"சார், அந்தக் குழாய் நான் போட்டது. ஜாயிண்ட் பூரா ஈயம். உங்க பூஜ்ஜியத்துலயே ஈயம் இருக்கு சார். நானே கழட்டிட்டு வேற போட்டுத் தர்றேன்."

அவர் எழுந்து வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது. "நீங்களா? அந்தக் கை இதுதானா?"

"ஆமா சார். கழட்டிடலாமா?"

"ஐயோ, அதை மட்டும் சொல்லாதீங்க. அந்தக் குழாயை மாத்தினா நாற்பது வருஷமா நாங்க நல்லதுன்னு சொன்ன ஒவ்வொரு பழமும் காயும் என்ன ஆகும்?"

"அதெல்லாம் தின்னு முடிச்சாச்சு சார்."

"அதேதான் நானும் சொல்றேன். தின்னு முடிச்சதைப் போய் இப்ப கெட்டதுன்னு சொன்னா மக்கள் மனசு என்ன பாடுபடும்? ஈயத்தையாவது உடம்பு தாங்கிடும் பெரியவரே. சந்தேகத்தை மனசு தாங்காது." கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அடுத்த வாரம் இயக்ககத்துக்கு நாற்பதாவது ஆண்டு விழா. அந்தக் குழாய் ஆறு வருஷமா ஒழுகுது. வேற ஆள் கை வெச்சா பூஜ்ஜியம் மாறிடும்னு யாரையும் தொட விடலை. போட்ட கையே கிடைச்சிருச்சு! அதே கை, அதே ஈயம். நீங்க வந்து எல்லார் முன்னாடியும் அந்த ஒழுகலை நிறுத்தணும்."

வருகிறேன் என்றேன்.

விழா ஆய்வகத்திலேயே நடந்தது. குழாய்க்கு மாலை போட்டிருந்தார்கள். முன்வரிசையில் கூழ்க் கம்பெனி மேலாளர், காப்பகங்களைக் கவனிக்கும் அதிகாரி, அவருக்குப் பின்னால் கட்டாயப்படுத்தி அழைத்து வரப்பட்ட எங்கள் காப்பகத்தம்மா. என் தோளில் ஒரு துண்டைப் போர்த்தி, 'பூஜ்ஜியத்தின் தந்தை' என்று எழுதிய கேடயத்தைக் கொடுத்தார்கள். இயக்குநர் பேசினார்.

"மக்கள் நம்மிடம் வந்து, 'இந்தப் பழத்தில் ஈயம் இருக்கிறதா?' என்று கேட்கிறார்கள். நண்பர்களே, அது தவறான கேள்வி. 'உங்கள் பதிவேட்டில் ஈயம் இருக்கிறதா?' என்று கேட்கட்டும். நாற்பது ஆண்டுகளில் ஒரு முறை கூட இல்லை என்று நெஞ்சில் கை வைத்துச் சொல்வேன். மற்ற நாடுகளில் வரம்பைக் குறைத்துக்கொண்டே போகிறார்கள். பாவம், அவர்களுக்கு வேறு வழியில்லை. நாம் வரம்பைத் தொடவில்லை. உணவையும் தொடவில்லை. அளக்கும் இடத்தைச் சரியாகத் தேர்ந்தெடுத்தோம். ஒரு குழந்தைக்கு உடம்பு சரியில்லை என்று இந்தப் பெரியவர் நம்மிடம் வந்தார். நாம் என்ன செய்தோம்? மைனஸ் பன்னிரண்டைக் கொடுத்தோம்! அந்தக் குழந்தை இன்று எங்கே இருந்தாலும் நம்மை வாழ்த்திக்கொண்டிருக்கும்."

கைதட்டினார்கள். அந்தக் குழந்தை அப்போது எங்கே இருந்தது என்று எனக்குத் தெரியும். அம்மா லீவு போட்டு வைத்துக்கொண்டிருக்க, அடுக்களை மூலையில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அவளால் வாழ்த்த முடியாது. அதற்கும் பேச்சு வேண்டும்.

காப்பகத்தம்மாவைப் பார்த்தேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

பையிலிருந்து பெரிய பைப் ரெஞ்சை எடுத்தேன். மாலையை ஒதுக்கினேன். ரெஞ்சின் வாயை அகட்டிக் குழாயின் கழுத்தில் மாட்டினேன். இயக்குநர், "இறுக்குங்க, இறுக்குங்க" என்றார். எழுபத்தோரு வயதில் இருக்கிற எடையை எல்லாம் கைப்பிடியில் போட்டு எதிர்ப்பக்கம் திருப்பினேன். ஈயம் மெத்தென்று முறுக்கிக்கொண்டு, பழுத்த காம்பு போலக் கையோடு வந்துவிட்டது.

சுவரிலிருந்து தண்ணீர் பீறிட்டு அடித்தது. முதலில் நனைந்தது இயக்குநர். அவர் ஓடவில்லை. இரண்டு கையையும் குவித்து அதைப் பிடிக்கப் பார்த்தார். "பூஜ்ஜியம் போகுது! பாத்திரம் கொண்டா! யாராவது பூஜ்ஜியத்தைப் பிடிங்க!" பழக்காரர் வாளியோடு வந்தார். காய்க்காரர் அது பழப் பிரிவு வாளி என்று தடுத்தார். கூழ்க் கம்பெனி மேலாளர் வாயில் தண்ணீர் பட்டுவிட்டது. அவர் துப்பிய வேகத்தைப் பார்த்ததும் அவருக்கு எல்லாம் தெரியும் என்று எனக்குத் தெரிந்துபோயிற்று.

நான்தான் போய் வெளி வால்வை மூடினேன். தரை முழுக்கத் தண்ணீர்.

காப்பகங்களைக் கவனிக்கும் அதிகாரி மெதுவாகக் கேட்டார். "அப்ப... இனிமே பூஜ்ஜியம்?"

"இல்லை," என்றார் இயக்குநர். தலையிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. "பூஜ்ஜியம் இல்லாம சோதனை இல்லை. சோதனை இல்லாம சான்று இல்லை."

"இன்னையோட மாசம் முடியுது. பழைய சான்று இன்னைக்கோட காலாவதி," என்றார் அந்த அதிகாரி.

காப்பகத்தம்மா தலையை நிமிர்த்தினார். "அப்ப நாளைக்குக் கூழ் குடுத்தா என் மேல எழுதுவீங்கதானே சார்?"

"கண்டிப்பா எழுதுவோம்."

"நல்லதுங்க சார்," என்று சொல்லிவிட்டு, என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, ஈரத் தரையில் வழுக்காமல் வேகவேகமாகப் போனார்.

என் மேல் வழக்குப் போடுவதா, மருத்துவமனையில் சேர்ப்பதா என்று மேலே கூட்டம் நடந்தது. கேடயத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். துண்டு நனைந்துவிட்டதால் என்னிடமே விட்டுவிட்டார்கள். கூட்டம் முடியும் வரை முகப்பு எழுத்தர் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். நாற்பது வருஷத்து நல்ல பேரை ஒரு திருப்பில் கவிழ்த்தோம் என்ற நிறைவோடு உட்கார்ந்திருந்தேன். பொய் சொல்ல மாட்டேன், சந்தோஷமாகவே இருந்தது. அந்தச் சந்தோஷத்துக்கு அடியில் ஏதோ ஒன்று மட்டும் ஒழுகிக்கொண்டே இருந்தது. எங்கே என்று தேட எனக்குத் தைரியம் இல்லை.

மதியம் மூன்று மணிக்குப் போகலாம் என்றார்கள். வாசல் கேட்டில் ஆய்வகத்துப் பெண் பின்னாலேயே வந்து ஒரு மடித்த சீட்டைக் கையில் வைத்தாள்.

"குழாய் இல்லாததால, மெஷின் ஓடுதான்னு பாக்கப் பாட்டில் தண்ணியைப் பூஜ்ஜியமா வெச்சு ஒரு தடவை ஓட்டினேன் தாத்தா. உங்க மாதிரிங்க ரெண்டும் மீதி இருந்தது. பதிவேட்டுல ஏத்தலை." கொஞ்சம் தயங்கினாள். "டின் கூழ்ல பத்தொன்பது. நீங்க நினைச்சது சரிதான், அதுல ஈயம் இருக்கு."

"இன்னொண்ணு?"

அவள் சீட்டைப் பார்த்தாள். "வீட்டுல என்ன தண்ணில வேகவெக்கறீங்க தாத்தா?"

வீட்டுக்கு நடந்தே வந்தேன். பஸ் இரண்டு என்னைத் தாண்டிப் போயின. அந்த இயக்ககத்துக்குக் குழாய் போட்ட வருஷம்தான் என் வீட்டுக்கும் போட்டேன். அங்கே மிஞ்சிய அதே கட்டி ஈயம்.

மருமகள் கதவைத் திறந்தாள். "என்ன மாமா, நனைஞ்சு வந்திருக்கீங்க? காகிதம் குடுத்தாங்களா?"

சீட்டைக் கொடுத்தேன். அவள் வாய்விட்டுப் படித்தாள். "டின் கூழ் பத்தொன்பது. வீட்டுக் கூழ் இருபத்தேழு." மறுபடி படித்தாள். "வீட்டுக் கூழ்னா... நாம செஞ்சதா?"

"நான் செஞ்சது."

என்னைப் பார்த்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் தேவலை. அவள் அடுக்களைக்குப் போய், பானையில் இருந்த தண்ணீரைக் கொட்டினாள். குழந்தைக்கு எடுத்து வைத்திருந்த கிண்ணத்தையும் கொட்டினாள். பிறகு பக்கத்து வீட்டுக்குப் போய் வேறு தண்ணீர் கேட்டு வரக் குடத்தை எடுத்தாள். வாசலில் நின்று, "அந்த வீட்டுக் குழாய் யார் போட்டது மாமா?" என்றாள்.

யோசித்தேன். "அதுவும் நான்தான்மா. கடைசி வீடு வரைக்கும்."

குடத்தோடு தெருக்கோடியைப் பார்த்து நடந்தாள்.

வெளி வால்வை மூடிவிட்டு, அடுக்களைத் தொட்டிக்கு அடியில் மல்லாந்து படுத்தேன். கட்டைவிரலால் தடவிப் பார்த்தேன். மூன்று கோடு. ஊருக்குப் போடும்போது ஈயம் ஒரு சுற்றுத்தான். சொந்த வீடு, சந்ததி இருக்கிற இடம் என்று இங்கே இரண்டு சுற்று அதிகம் ஓட்டியிருந்தேன்.

குண்டூசி வந்து என் தலைமாட்டில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். கையில் டம்ளர். என்னைப் பார்த்தாள், குழாயைப் பார்த்தாள், டம்ளரை நீட்டினாள். முன்பானால் இந்நேரம், தாத்தா ஏன் கீழே படுத்திருக்கிறார், குழாய் அவரிடம் என்ன சொல்லிற்று என்று ஒரு கதை வந்திருக்கும்.

"இருடா கண்ணு. தாத்தா இதைக் கழட்டிடறேன். கழட்டிட்டுத் தர்றேன்."

ரெஞ்சை மாட்டி இழுத்தேன். காலைச் சுவரில் உதைத்துக்கொண்டு இழுத்தேன். அவள் டம்ளரை நீட்டியபடியே இருந்தாள். ஜாயிண்ட் அசையவில்லை. அவ்வளவு நன்றாகப் போட்டிருக்கிறேன்.